சிசிஎன்ஏ முடித்தவர்கள் வேலை தேடும்போது செய்யும் தவறுகள்

சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழ். அதை முடித்து நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்கு வரும் புதியவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அலுவலகத்தில் ஒருவருக்கு இணையம் வரவில்லை. அவர் கணினியில் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி இருக்கிறது. எங்கே கோளாறு?" கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேபிள், ஸ்விட்ச் போர்ட், விஎல்ஏஎன் (ஒரு வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு), சர்வர் என்று வரிசையாகத் தேடிக்கொண்டு போகலாம். ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறையைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் விழிக்கிறார்கள்.

பெரும்பாலும் காரணம் டம்ப்ஸ். கசிந்த வினாத்தொகுப்பை உருப்போட்டுத் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். அது தெரியவந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யலாம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், 300 டாலர் கட்டி வாங்கிய தாள் இரண்டாவது கேள்வியைக்கூடத் தாங்குவதில்லை.

இத்தனைக்கும் பழகுவதற்குச் செலவே இல்லை. கணினியிலேயே வலையமைப்பை அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் சிறிய வலையமைப்பு ஒன்றைக் கட்டி, டிஎச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, கணினியை ஐபி கேட்கச் சொல்லுங்கள். அதே 169.254 கண்முன்னே வந்து நிற்கும். இப்படி நீங்களே கெடுத்து நீங்களே சரிசெய்தவற்றை ரெஸ்யூமில் எழுதுங்கள். "நெட்வொர்க்கிங்கில் நல்ல அறிவு உண்டு" என்ற வரியை யாரும் படிப்பதில்லை. "பல விஎல்ஏஎன்களைக் கடத்தும் டிரங்க் இணைப்பில் ஒன்று விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்" என்று இருந்தால் நானே அதைப் பற்றிக் கேட்பேன். உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு என்னை அழைத்துவந்துவிட்டீர்கள் அல்லவா?

வேலை வரவில்லை என்றதும் அடுத்த சான்றிதழுக்குப் பணம் கட்டுவது இன்னொரு தவறு. நெட்வொர்க், கிளவுட், டெஸ்டிங் என்று மூன்று திசையில் சான்றிதழ் வைத்திருப்பவர் எந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்றே புரிவதில்லை. சிலர் நேராக சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் படிக்கப் போகிறார்கள். அதற்குத் தகவல் பாதுகாப்புத் துறையில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும்; கணினி சார்ந்த பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். அனுபவமில்லாமல் தேர்வில் மட்டும் வென்றவர் தன்னை சிஐஎஸ்எஸ்பி என்று சொல்லிக்கொள்ளவே முடியாது.

எல்லாவற்றிலும் மோசமானது, அனுபவத்தையே விலைக்கு வாங்குவது. "இரண்டு வருட அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் நாங்களே தருகிறோம்" என்று பேசும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. நகையை அடகு வைத்து அவர்களுக்குப் பணம் கொடுத்த குடும்பங்களும் இருக்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் இப்போது ஒருவரின் பிஎஃப் கணக்குகளை எல்லாம் இணைக்கும் யுஏஎன் எண்ணைக் கேட்கிறார்கள். எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பிஎஃப் கட்டியது என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டு வருடம் வேலை செய்ததாகச் சொன்னவர் பெயரில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. இந்தச் சரிபார்ப்பு வேலையில் சேர்ந்த பிறகும் நடக்கும். ஆறாவது மாதத்தில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவரைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பையன், உள்ளதைச் சொல்லியிருந்தால் ஃபிரெஷராகவே எடுத்திருப்போம்.

ஹெல்ப் டெஸ்க் வேலையும் என்ஓசி எனப்படும் வலையமைப்புக் கண்காணிப்பு மையத்தின் இரவு ஷிப்டும் தன் படிப்புக்குக் குறைவு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. உடல்நிலை, வீட்டுச் சூழல் காரணமாக மறுத்தால் நியாயம். கௌரவம் பார்த்து மறுத்தால், அனுபவமில்லாதவரை உள்ளே விடும் வாசல்களில் முக்கியமானதை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். சிசிஎன்ஏ மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன.