நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? முதல் கார் வாங்கும் வீட்டுக்கு

எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். கோபிசெட்டிபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். மனைவி சத்தியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், அப்புறம் முட்டிவலியோடு இருக்கும் அம்மா. போன நவம்பரில் கார் எடுத்தோம். அதற்கு முன் ஏழு வாரம் டாடா நெக்ஸானுக்கும் மாருதி பிரெஸ்ஸாவுக்கும் நடுவில் அலைந்தோம். அந்த அலைச்சலில் கற்றதை, இதே இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஷோரூம் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். யார் ஓட்டப்போகிறார்கள், யார் உட்காரப்போகிறார்கள், மாதம் எத்தனை கிலோமீட்டர் எந்த ரோட்டில். எங்கள் தாளில் இப்படி வந்தது: தினமும் ஓட்டப்போவது மனைவி, சத்தி ரோட்டில், மாதம் சுமார் 1,100 கி.மீ. பின் சீட்டில் பிள்ளைகள். வருடத்துக்கு நாலைந்து தடவை ஐந்து பேரும் மூட்டை முடிச்சோடு திம்பம் மலைப்பாதை ஏறி, தாளவாடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு. நான் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதை எழுதும் வரை எனக்குப் பிடித்த வண்டியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அளவுகள். இரண்டு வண்டியும் நீளத்தில் 3,995 மி.மீ. நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரியில் சலுகை உண்டு என்பதால் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆகவே பார்க்கிங், வீட்டு கேட் பற்றி இந்த இரண்டுக்குள் யோசிக்க ஒன்றுமில்லை. வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. பிரெஸ்ஸா 1,685 மி.மீ., நெக்ஸான் 1,620. டிக்கியில் நெக்ஸானுக்கு 382 லிட்டர், பிரெஸ்ஸாவுக்கு 328.

அந்த 65 மில்லிமீட்டர் உயரம் என்ன செய்யும் என்பதை அம்மாதான் காட்டினார். பிரெஸ்ஸாவின் பின் கதவைத் திறந்ததும் நேராக நடந்து போய் உட்கார்ந்துவிட்டார். நெக்ஸானில் தலையைக் குனிந்து, ஒரு கையால் முன் சீட்டைப் பிடித்து, வலது காலைத் தூக்கி வைக்கும்போது முகம் சுருங்கியது. அப்போது மனைவி, "அத்தை, முன்னாடி சீட்டுல உட்கார்ந்து பாருங்க" என்றார். முன் கதவு அகலமாகத் திறக்கிறது. அம்மா வெளியே பார்த்தபடி முதலில் சீட்டில் உட்கார்ந்தார், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினார். வலி இல்லை என்றார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஷோரூமுக்குக் கூட்டிப் போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவ் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் கேளுங்கள். ஷோரூம்காரர்கள் வழுவழுப்பான ஒரு ரவுண்டு கூட்டிப் போய்விட்டு முடித்துவிடுவார்கள். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் நடந்தது. இரண்டாம் தடவை ஐந்து பேரும் ஏறிக்கொண்டோம், ஓட்டியது மனைவி. பிரெஸ்ஸாவில் 1,462 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின். மெதுவாகப் போகும்போது அலுங்காமல் இழுக்கிறது, சத்தமும் அதிர்வும் குறைவு. நெக்ஸானில் 1,199 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ் சக்தி. வண்டி நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும். டர்போ எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு: எஞ்சின் சுற்று குறைவாக இருக்கும்போது சற்றுத் தயங்கும், நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டியதும் பிடித்துத் தள்ளும்.

இதைச் சோதிக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டாம் கியரில் வேகத்தை 15-க்குக் குறைத்து, கியரை மாற்றாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பாருங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் நடக்கப்போவது அதுதான். பிறகு ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுங்கள். மனைவி பிரெஸ்ஸாவை முதல் முயற்சியிலேயே எடுத்தார். நெக்ஸானில் ஒரு தடவை ஆஃப் ஆகி, அடுத்த தடவை பழகிவிட்டது. ஆனால் சத்தி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் செய்வது போல மூன்றாம் கியரில் விரட்டிப் பார்த்தபோது, நெக்ஸானின் இழுவை அவருக்கு நம்பிக்கை கொடுத்தது. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் இன்னும் கவனம் தேவை. பிரெஸ்ஸாவில் வருவது டார்க் கன்வர்ட்டர், அதாவது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை, ஓட்ட மிருதுவாக இருக்கும். நெக்ஸானில் ஏஎம்டி (மேனுவல் கியரையே கருவி மாற்றிக்கொடுப்பது), இரட்டை கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்வது) என்று இரண்டு வகை. விலையிலும் ஓட்டத்திலும் இரண்டும் வேறு வேறு. "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே சொல்லைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள்.

பாதுகாப்பு எனக்குப் பெரிய விஷயம். குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய கார் நெக்ஸான், 2018-ல். புதுப்பித்த மாடல் 2024-ல் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் மறுபடி ஐந்து வாங்கியது. பழைய விட்டாரா பிரெஸ்ஸா 2018-ல் நான்கு வாங்கியிருக்கிறது. நட்சத்திரத்தோடு நிற்காமல் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே தோளையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்கிறதா, தலைக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா என்று நீங்கள் எடுக்கப்போகும் வேரியண்டிலேயே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நடு இடத்தில் உட்காரப்போவது பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டிதான்.

இப்போது பணம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சிசி அதைத் தாண்டினால் 40. நெக்ஸான் பெட்ரோல் முதல் வகையில் வருகிறது, பிரெஸ்ஸா இரண்டாவதில். இது ஷோரூம் விலையிலேயே சேர்ந்துவிடும், தனியாகக் கணக்குப் போட வேண்டாம். கணக்குப் போட வேண்டியது தமிழ்நாட்டு ஆயுள் வரி, அதாவது ரெஜிஸ்டர் செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18.

ஒரு வேரியண்ட் 9,95,000 ரூபாய் என்று வையுங்கள். ஆயுள் வரி 1,29,350. அடுத்த வேரியண்ட் 10,10,000. வரி 1,81,800. சன்ரூஃப் வேண்டும் என்று 15,000 ரூபாய் கூடப் போட்டால் கையை விட்டுப் போவது 67,450. இதோடு விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரி ரிட்டனில் திரும்பக் கேட்கலாம். எங்களுக்குத் தேவையானதெல்லாம் பத்து லட்சத்துக்குள் நெக்ஸான் மேனுவலில் கிடைத்தது. பிரெஸ்ஸாவில் அதே வசதிகளுக்குப் பத்து லட்சத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

மைலேஜையும் ரூபாயாக மாற்றிப் பாருங்கள். மாதம் 1,100 கி.மீ.க்கு, லிட்டருக்கு 14 கொடுக்கும் வண்டி சுமார் 79 லிட்டர் குடிக்கும், 17 கொடுக்கும் வண்டி 65. லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 1,400 வித்தியாசம். மாதம் 300 கி.மீ. ஓட்டும் வீட்டில் அது 400 ரூபாய்கூட வராது. அவர்கள் மைலேஜுக்காக மனசுக்குப் பிடித்த வண்டியை விட வேண்டியதில்லை.

கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில் "ஹேண்ட்லிங் சார்ஜ்", கேட்காத ஆக்சசரீஸ் பேக் இரண்டும் உள்ளே இருந்தன. இது எதற்கு என்று கேட்டதும் ஒன்றை எடுத்தார்கள், மற்றதைக் குறைத்தார்கள். இன்ஷூரன்ஸை வெளியிலும் எடுக்கலாம். புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், சொந்த சேதத்துக்கு ஒரு வருடம் போதும். விலை ஒப்பிடும்போது இரண்டிலும் ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) ஒன்றுதானா என்று பாருங்கள். அதைக் குறைத்துத்தான் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருவில் இருந்தால் எஞ்சின் பாதுகாப்பையும் சேர்த்து எடுங்கள்.

கடைசியாக, ரெஜிஸ்டர் ஆவதற்கு முன், டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய் உங்கள் வண்டியைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். சில வருடம் முன் என் மைத்துனர் வேறொரு கம்பெனி கார் எடுத்தார். டெலிவரி அன்று பின் கதவின் ரப்பர் பீடிங்கில் விரலைத் தடவினேன். விளிம்பு முழுக்க மெல்லிய சொரசொரப்பு, வண்டியின் அதே நிறத்தில். ஸ்ப்ரே அடிக்கும்போது தூசியாகப் படிந்த பெயிண்ட் அது. புது வண்டியின் கதவுக்கு மறு பெயிண்ட் அடித்திருந்தார்கள். நம்பர் விழுந்த பிறகு அவரால் அதை மாற்ற முடியவில்லை.

ஆகவே பெயிண்டை இப்படிப் பாருங்கள். கதவுக்கு நேராக நிற்காமல் வண்டியின் மூலையில் குனிந்து, பக்கவாட்டில் நீளமாகப் பார்வையை ஓட்டுங்கள். ட்யூப்லைட் அல்லது மின்கம்பி பாடியில் கோடாக விழும். ஒரு பாடித் தகட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அந்தக் கோடு நெளிந்தாலோ, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ கேள்வி கேளுங்கள். ரப்பரை விலக்கி விளிம்பைத் தடவுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025-ன் 35-வது வாரம். ஐந்து டயரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஓடிய கிலோமீட்டரையும் தயாரான மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திருப்தி என்றால் சேசிஸ் நம்பரை, அதாவது வண்டியிலேயே பொறித்திருக்கும் அடையாள எண்ணை, போட்டோ எடுங்கள். அதே நம்பர் இன்வாய்ஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.