மினி டிராக்டர் கொதிக்கிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் ஒரு பல்பைக் கட்டிப் பாருங்கள்

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறுகிற பாதையில், போன ஏப்ரலில் எங்கள் மினி டிராக்டர் ஒரே வளைவில் இரண்டு தடவை கொதித்து நின்றது. மலைமேல் மச்சானின் காபித் தோட்டத்துக்கு எருக்குப்பை ஏற்றிக்கொண்டு போனோம். மூன்றாவது தடவை மலைகூட இல்லை. அடிவாரத்தில் எங்கள் சொந்தக் காட்டில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கிய நிலத்தில் ரொட்டவேட்டர் ஓட்டும்போதே சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விட்டது.

வண்டி 18 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், வாட்டர் கூலிங். வாங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்து பார்த்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், கழற்றிடலாம்" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடுகிற பாகம், கேஸ்கெட் அதற்கு அடியில் இருக்கிற தகடு. கழற்றினால் பன்னிரண்டாயிரம் ஆகும். கழற்றவில்லை. கடைசியில் மொத்தச் செலவு இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். காசு செலவில்லாத வேலை முதலில், ஹெட் கடைசியில்.

கொதிக்கும்போது

முள் ஏறினால் பி.டி.ஓ.வை (ரொட்டவேட்டரைச் சுற்றுகிற தண்டின் இணைப்பை) எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, மெதுவான ஓட்டத்தில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். உடனே அணைத்தால் பம்ப்பும் ஃபேனும் நின்று, ஹெட்டில் இருக்கிற சூடு அங்கேயே தங்கிவிடும். ஆனால் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டியிருந்தால் யோசிக்காமல் உடனே அணைக்க வேண்டும்.

ரேடியேட்டர் கேப்பை, அதாவது மூடியை, தொடாதீர்கள். சாக்குப்பையைப் போட்டுத் திறக்கலாம் என்பார்கள். அந்த மாதிரித் திறந்து முழங்கைவரை வெந்த ஆளை எனக்குத் தெரியும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறட்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஹெட் விரிசல் விட்டுவிடலாம்.

மீட்டர் சொல்வது உண்மையா?

பழைய வண்டியில் சென்சாரும் மீட்டரும் பொய் சொல்லும். ஒரு லேசர் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. டிராக்டர் வைத்திருப்பவர் வீட்டில் ஸ்பேனர் செட்டுக்கு அடுத்து இருக்க வேண்டிய சாமான் இது என்பேன். பளபளப்பான உலோகத்தில் காட்டினால் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸில் காட்டுங்கள், அல்லது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அளந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என்ஜின் கொதிக்கிறது, மேல் ஹோஸ் சூடாகவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு) திறக்கவில்லை. மேலே நல்ல சூடு, கீழே மிகவும் குளிர்ச்சி என்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. உள்ளே அடைப்பு இருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். இரண்டுமே ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போகவில்லை. எனக்கு மேலே 103, கீழே 97. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அதனால் ஒரு வாரம் வீணாய்ப் போனது.

நான் மாட்டிக்கொண்ட இடம்: ரேடியேட்டரின் வெளிப்பக்கம்

இதை நான் முதல் நாளே "சுத்தம் செய்தாயிற்று" என்று முடித்துவிட்டேன். முன் கிரில்லைத் திறந்து, தோட்டத்துப் பைப்பால் முன்பக்கத்திலிருந்து நன்றாகத் தண்ணீர் அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அப்புறம் புது தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டேன். பெல்ட்டை மாற்றினேன். கொதிப்பு நிற்கவில்லை.

சேலத்தில் லாரி ரேடியேட்டர் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுவரவா என்று போனில் கேட்டேன். "கழட்டாதீங்க தம்பி. பொழுது போனதும் பின்னாடி ஒரு பல்பைக் கட்டி, முன்னாடி நின்னு பாருங்க" என்றார்.

பேட்டரியை எடுத்துவிட்டு, ரேடியேட்டருக்கு முன் இருக்கிற வலைத் தகட்டையும் உருவிவிட்டு, ஃபேன் பக்கத்தில் ஒரு எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டேன். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தால், மேல் பாதி முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம். கீழே இடதுபக்கம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கும்மிருட்டு. வெளியே பளபளக்கிற அதே இடம்தான்.

நடந்தது இதுதான். சித்திரை வெயிலில் எருக்கம் பஞ்சு பறக்கும். மூக்குத்திப் பூண்டின் பூ முற்றினால் அதுவும் பஞ்சாகப் பறக்கும். அது ஃபின்களுக்கு, அதாவது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு, நடுவில் போய் உட்காரும். அதன்மேல் காய்ந்த குச்சிக்கிழங்கு இலைத்தூள், அதன்மேல் செம்மண் புழுதி. காய்ந்திருக்கும்வரை ஊதினால் வந்துவிடும். நான் அதன்மேல் முன்பக்கத்திலிருந்து தண்ணீரை அடித்து, சேறாக்கி, இன்னும் உள்ளே தள்ளியிருந்தேன். அது அங்கேயே சுட்டுக் காய்ந்துவிட்டது.

ஆகவே முறை இப்படி. முதலில் தண்ணீரே வேண்டாம். காய்ந்த நிலையில், ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊதுங்கள். காற்று எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாக வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் வைத்திருக்கிற கை ப்ளோயர் எனக்குப் பிடிக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரும் ஆகும், ஆனால் முனையை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் மட்டும் அடிக்கவே கூடாது. ஃபின் எல்லாம் படுத்துவிடும்.

ஊதிய பிறகும் இருட்டு மிச்சமிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பின்பக்கத்திலிருந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் பைப்பின் வாயை விரலால் லேசாக அழுத்தி, பின்னாலிருந்தே அலசுங்கள். எனக்கு நான்கு தடவை செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையில் முன்பக்கம் ஒரு துண்டு கழன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கம்பளி மாதிரி, விரல் நகக் கனத்துக்கு, பிய்த்தால் நாராக வந்தது. அத்தனையும் எருக்கம் பஞ்சு. வளைந்த ஃபின்களை நிமிர்த்த விளக்குமாற்று ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி கிடையாது. ஸ்க்ரூ டிரைவர் டியூபை ஓட்டை போட்டுவிடும்.

மறுபடி பல்பைக் கட்டிப் பாருங்கள். முழுதும் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை.

கேப்: மலைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது

இத்தனை செய்ததும் காட்டில் வண்டி நன்றாக ஓடியது. மலை ஏறினால் மட்டும் ரிசர்வ் பாட்டில் பொங்கியது. லேசர் 96 தான் காட்டியது. 96 டிகிரி பெரிய சூடே இல்லை.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரை அழுத்தத்தில் வைத்து அதைத் தடுப்பது அந்தச் சின்ன கேப்தான். மேலே 0.9 என்று அழுத்தம் பொறித்த கேப் ஒழுங்காக இருந்தால் மலைமேலும் 115 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். அடி ரப்பர் வெடித்த கேப் என்றால் திறந்த பாத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எங்கள் கேப்பின் ரப்பர் நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது.

புதிது வாங்கும்போது பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண் வாங்குங்கள். கூடுதல் அழுத்தக் கேப் நல்லது என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும். கேப்பின் நடுவில் ஒரு குட்டி வால்வும் இருக்கும், நகத்தால் இழுத்தால் அசைய வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் என்ஜின் ஆறும்போது ரிசர்விலிருந்து தண்ணீர் திரும்பி வராது, மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும்.

பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட்

பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்கு உள்ளே போகலாம். ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கீழ் ஹோஸை, என்ஜினை வேகமாக ஓடவிட்டு ஒருவர் பார்க்க வேண்டும். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் வேகத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை நிறுத்திவிடும். நின்ற நிலையில் பார்த்தால் தெரியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டியில் தண்ணீரில் போட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் எத்தனை டிகிரி என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்முன் முழுக்கத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். "இது நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்று எடுத்து எறியச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. என்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுக்க எரியாமல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் தேயும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் மோசம்.

உள்ளே ஊற்றுவது

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் டியூபுக்குள்ளும் படியும். எங்களுடையதில் இருந்த பழைய தண்ணீர் துரு நிறத்தில் வந்தது. ஸ்பேர் கடையில் கிடைக்கிற ரேடியேட்டர் ஃப்ளஷ் ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை அலசினேன். முற்றிய அடைப்புக்கு இது போதாது. ரேடியேட்டர் பட்டறையில் டேங்க்கைப் பிரித்து ராடு விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் பாதி. கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வடித்த கூலண்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கும், அது விஷம்.

ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும். கேப்பைத் திறந்தே வைத்து என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், குமிழி வரும். குமிழி நிற்கும்வரை ஊற்றிவிட்டு மூடுங்கள். இதைச் செய்யாவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, நல்ல வண்டியும் கொதிக்கும்.

குமிழி நிற்கவே இல்லை, ஆறிக் கிடந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது, ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கிறது என்றால், அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வண்டி இப்போது அதே வெயிலில் ரொட்டவேட்டரோடு மேலே 86, கீழே 75.

பின்சேர்ப்பு

இதைப் படித்துவிட்டு வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டிருந்தார். பல்பு முழுக்கத் தெரிகிறது, கேப் புதிது, ஆனாலும் சுத்தம் செய்த நாளிலிருந்துதான் சூடு அதிகம் என்று. படம் அனுப்பச் சொன்னேன். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டும்போது ஃபேனை முன்பின் மாற்றித் திருப்பி மாட்டியிருந்தார்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் வலு இருக்காது. அதனால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இறக்கையின் குழிந்த பக்கம் என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். ஃபேனைச் சுற்றி இருக்கிற கவரையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் சூடான காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

சோதிக்க ஒரு வழி சொன்னேன். என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, முன்னால் நின்று, கிரில்லின் முன் ஒரு செய்தித்தாளைப் பிடிக்க வேண்டும். அவர் பிடித்தபோது தாள் ஆடிவிட்டுக் கீழே விழுந்தது. ஃபேனைத் திருப்பி, கவரையும் மாட்டிய பிறகு, கையை எடுத்தாலும் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நின்றதாம்.