பெருமையை விட்டுவிட எங்கிருந்து தொடங்குவது?

பெருமையை அடக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தங்களையே மட்டம் தட்டிக்கொள்கிறார்கள், அது தாழ்மை இல்லை, அப்போதும் கண் நம்மேல்தான் இருக்கிறது. வேதாகமத்தில் யோவான் 13-ல் 3, 4, 5 வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் தேவனிடத்திற்கே போவதையும் அறிந்தவராகத்தான் இயேசு பந்தியை விட்டு எழுந்து, துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். தாம் யார் என்பதில் சந்தேகமே இல்லாததால், கால் கழுவியதில் அவருக்கு எதுவும் குறையவில்லை. முதலில் தாம் யார் என்கிற நிச்சயம், பிறகுதான் கால் கழுவுவது, இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

சரி, என்ன செய்வது? பிலிப்பியர் 3-ல் பவுல் தன் பெருமைகளை, இஸ்ரவேலில் பென்யமீன் கோத்திரம், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கிறிஸ்துவுக்காக அதையெல்லாம் நஷ்டம் என்கிறார். நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள்: படிப்பு, சம்பளம், பாடகர் குழுவில் இருக்கும் இடம், சாதி (ஆமாம், சபைக்குள்ளும் இருக்கிறது, மறைக்காமல் எழுதுங்கள்). ஒவ்வொன்றுக்கும், "இது நாளைக்குப் போனாலும் நான் உம்முடைய பிள்ளைதானே, ஆண்டவரே" என்று வாய்விட்டு ஜெபியுங்கள். எதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறதோ அங்கேயே நில்லுங்கள், அவசரமே வேண்டாம்.

அப்புறம், யார் கண்ணிலும் படாத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆராதனை முடிந்ததும் பாய் சுருட்டுவது மாதிரி. யாரும் நன்றி சொல்லாவிட்டால் வலிக்கும். அதையும் அன்றைக்கே ஜெபத்தில் சொல்லிவிடுங்கள்.