கருப்பு முடிக்கு ஒருநாள் கலர்: வீட்லயே போடறதும் கழுவறதும்

ஐபிஎல் வந்தா மஞ்சள் தலை, காலேஜ் கல்ச்சுரல்ஸ்னா ஊதாவோ சிவப்போ, ஸ்கூல் ஆண்டு விழாவுல பையனுக்கு தாத்தா வேஷம்னா வெள்ளைத் தலை. எல்லாமே ஒரு நாள் கூத்துதான், மறுநாள் ஆபிஸுக்கோ கிளாஸுக்கோ பழைய கருப்பு முடியோட போய் நிக்கணும். அதுக்குன்னே இருக்கறதுதான் தலைக்கு ஊத்தினா போயிடற டெம்பரரி கலர். வீட்லயே தாராளமா போட்டுக்கலாம், பார்லர் தேவையில்ல. ஆனா யூட்யூப்ல இத போட்டுக் காட்றவங்க நிறைய பேருக்கு முடி ஏற்கனவே ப்ளீச் பண்ணியிருக்கும், இல்லன்னா பொறந்ததுலருந்தே வெளிர் முடியா இருக்கும், அத அப்படியே பாத்து தேங்காய் எண்ணெய்ல ஊறின நம்ம கருகரு முடில செஞ்சா ஒண்ணு ஒட்டாது, இல்ல ஒட்டினாலும் கண்ணுக்கு தெரியாது. அதனால நம்ம முடிய வெச்சே சொல்றேன்.

இது எப்படி வேலை செய்யுது

ஒவ்வொரு முடிக்கும் வெளிப்பக்கம் க்யூட்டிக்கிள்னு ஒரு ஓடு இருக்கு, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா படுத்திருக்கும். பர்மனென்ட் டை அந்த செதில தூக்கிட்டு உள்ள கார்டெக்ஸ்னு சொல்ற உள்பகுதி வரைக்கும் போய் உக்காந்துக்கும், அதுக்குத்தான் அமோனியாவும் பெராக்சைடும் சேக்கறாங்க. டெம்பரரி கலர் உள்ள போகவே போகாது. நிறமி துகள் பெருசு, செதிலுக்கு மேலயே ஒரு படலமா ஒட்டிக்கிட்டு இருக்கும், ஷாம்பு பட்டா கழண்டுடும். இத மனசுல வெச்சுக்கிட்டா கீழ சொல்ற எல்லாமே தானா புரிஞ்சிடும்: முடி மேல எண்ணெய் இருந்தா படலம் ஒட்டாது, நிறமி கண்ணாடி மாதிரி இல்லாம அடர்த்தியா இருந்தாத்தான் கருப்ப மறைக்கும், வேர்வை பட்டா இறங்கும்.

எத வாங்கறது

கடைல "டெம்பரரி"ன்னு சொல்லி எத வேணா குடுப்பாங்க, டப்பாவ திருப்பி பாத்துட்டு வாங்குங்க. உள்ள ரெண்டு பாக்கெட்டோ ரெண்டு டியூபோ இருந்து கலக்கச் சொன்னா அது ஒருநாள் கலர் கிடையாது. "30 நிமிஷம் வெச்சு அலசவும்"னு போட்டிருந்தாலும் வேண்டாம், ஏன்னா ஒருநாள் கலர்ல அலசற வேலையே கிடையாது, போட்டு காய விட்டு அப்படியே வெளிய கிளம்பறதுதான். செமி பர்மனென்ட்னு போட்டிருக்கறது பல குளியல் வரைக்கும் நிக்கும். ஷாம்பு மாதிரி போட்டா நிமிஷத்துல கருப்பாகும்னு தொங்க விட்டிருக்கற சாஷேயும் பெரும்பாலும் பர்மனென்ட் டை தான், அதுல பிபிடின்னு (PPD) ஒரு சாய ரசாயனம் இருக்கான்னு பாருங்க, சில பேருக்கு அது பட்டா தலையெல்லாம் அரிச்சு கண்ணு இமை வீங்கிடும். அப்புறம் "மருதாணி நேச்சுரல் தானே, கழுவினா போயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த சிவப்பு முடியோட புரதத்துலயே ஒட்டிக்கும், வெட்டி எடுத்தாத்தான் போகும்.

நெஜமான ஒருநாள் கலர் மூணு ரகத்துல வரும். கலர் வேக்ஸ், டப்பால க்ரீம் மாதிரி இருக்கும், கருப்பு முடிக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஸ்ப்ரே கேன், சீக்கிரம் வேலை முடியும் ஆனா அறை முழுக்க பறக்கும். ஹேர் சாக், சாக்பீஸ் மாதிரி முடில தேய்க்கறது, ரெண்டு மூணு கத்தை முடிக்கு மட்டும் போதும்னா இது, குட்டிப் பசங்களுக்கும் இதுதான் நல்லது.

வெளிநாட்டு சரக்குன்னு சொல்லி விக்கறதுல இறக்குமதி பண்ணவங்க பேரும் விலாசமும் பதிவு எண்ணும் லேபில்ல இருக்கணும். வெறும் புரியாத எழுத்து மட்டும் இருக்கற டப்பாவ எவ்ளோ சீப்பா குடுத்தாலும் தலைல வெக்காதீங்க.

கலர் தேர்வு. நீலம், ஊதா, கரும்பச்சை இதெல்லாம் டப்பால சூப்பரா இருக்கும், கருப்பு முடில போட்டா காணாமப் போயிடும். வெள்ளி, தங்கம், செம்பு, வெள்ளை இதெல்லாம் நல்லா எடுக்கும், ஏன்னா இதுல டைட்டானியம் டை ஆக்சைடு, மைக்கா மாதிரி ஒளிய மறைக்கற, இல்ல திருப்பி அடிக்கற பொடி இருக்கும். சிவப்பு ஓரளவுக்கு மெரூனா தெரியும். மஞ்சள்தான் தகராறு, நேரா கருப்பு மேல போட்டா பாசி புடிச்ச பச்சையா தெரியும், அது எந்த டீமுக்கும் ஜெர்சி கலர் கிடையாது. அதுக்கு வழி கீழ சொல்றேன்.

ரெண்டு நாள் முன்னாடியே

காதுக்கு பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ ஒரு பொட்டு அளவு தடவி 48 மணி நேரம் விட்டுப் பாருங்க. சிவந்தா, அரிச்சா, தடிச்சா அந்த டப்பாவ ஓரங்கட்டிடுங்க. தலைல புண்ணு, பொடுகு சொறிஞ்ச காயம் இருந்தா அது ஆறற வரைக்கும் வேண்டாம். ஏற்கனவே ப்ளீச் பண்ணவங்க, ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணி முடி வறண்டு போனவங்க, நரை நிறைய இருக்கவங்க உள்பக்கமா ஒரு சின்ன கத்தைல போட்டு கழுவியும் பாத்துடணும். செதில் திறந்து கெடக்கற முடில நிறமி உள்ள பூந்துக்கும், ஒருநாள் கலர் ஒருவாரக் கலர் ஆயிடும்.

தலைக்கு ஊத்தறது

பாதி வெற்றி இங்கதான். போடற அன்னிக்கு காலைலயோ முந்தின நாள் ராத்திரியோ ஷாம்பு போட்டு ரெண்டு தடவ அலசுங்க. சீயக்காய் வேண்டாம், அதோட பொடி முடில தங்கும். கண்டிஷனர் வேண்டாம், சீரம் வேண்டாம், "லேசா ரெண்டு சொட்டு எண்ணெய்"யும் வேண்டாம். அம்மா பாட்டி யாராவது வறண்ட தலையோட நிக்கறியேன்னு கைல எண்ணெய் ஊத்திக்கிட்டு வருவாங்க, ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க. எண்ணெய் போயிடுச்சான்னு பாக்க ஒரு கத்தைய ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்துப் பாருங்க, விரல் வழுக்கிட்டு போச்சுன்னா இன்னொரு தடவ ஷாம்பு, லேசா கீச்சுன்னு பிடிச்சு பிடிச்சு வந்தா ரெடி. போர்வெல் உப்புத் தண்ணில நுரை சரியா வராது, முடிஞ்சா கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணி எடுத்துக்குங்க. அப்புறம் முழுசா காய விட்டு, பல் அகலமான சீப்பால சிக்கு எடுத்துடுங்க. கலர் போட்ட பிறகு சிக்கு எடுக்க முடியாது, எடுத்தா கலரும் சேந்து வந்துடும்.

வேக்ஸ் போடற முறை

பழைய டி-ஷர்ட்டோ நைட்டியோ போட்டுக்குங்க, கீழ பேப்பர் விரிங்க, கைக்கு கிளவுஸ். நெத்தி ஓரம், காது, பின்கழுத்து இங்கெல்லாம் வாஸ்லின மெல்லிசா தடவிடுங்க, தோல்ல கறை புடிக்காது. முடி மேல மட்டும் வாஸ்லின் படக்கூடாது.

தலைய நாலா பிரிச்சு கிளிப் போடுங்க. முதல்ல பின்பக்க கீழ் பாகம், கடைசியா முன்னாடி வகிடு கிட்ட. சுண்டைக்காய் அளவு வேக்ஸ் எடுத்து ரெண்டு உள்ளங்கைலயும் நல்லா தேச்சுட்டு, ஒரு விரல் தடிமன் கத்தைய பிடிச்சு மேலருந்து கீழ உருவுங்க, முன்பக்கம் ஒரு தடவ, பின்பக்கம் ஒரு தடவ. தலைத்தோல்லருந்து அரை இன்ச் விட்டே ஆரம்பிங்க. ஒரே தடவைல அப்பிடாதீங்க, அப்பினா காயும்போது வெடிச்சு பொடுகு மாதிரி தோள்ல கொட்டும். மெல்லிசா ஒண்ணு, பத்து நிமிஷம் காய விட்டு மேல இன்னொண்ணு, அவ்ளோதான். ட்ரையர் இருந்தா குளிர் காத்துல வெச்சு காட்டுங்க. முழுசா காஞ்ச பிறகு விரலாலயே கோதி பிரிச்சு விடுங்க.

மஞ்சள் வேணும்னா முதல் படலம் வெள்ளையோ வெள்ளியோ போட்டு, அது நல்லா காஞ்சதும் மேல மஞ்சள். ரெண்டு டப்பா வாங்கணும், செலவுதான், ஆனா இது இல்லாம கருப்பு முடில பளிச்சுன்னு மஞ்சள் வராது. முழுத் தலைக்கும் போடணும்னு என்ன இருக்கு, முன்னாடி நாலு கத்தை மட்டும் போட்டாலே போட்டோல போதும்.

ஸ்ப்ரேயும் சாக்கும்

ஸ்ப்ரே கேன்ல இருக்கற கேஸ் தீப்பிடிக்கும். சமையலறை வேண்டாம், சாமி விளக்கு ஊதுபத்தி எரியற அறை வேண்டாம், அடிச்சு முடிச்ச கையோட சூடான ட்ரையரோ ஸ்ட்ரெய்ட்டனரோ காட்டவே கூடாது. மொட்டை மாடியோ பால்கனியோ நல்ல இடம். கேன நல்லா குலுக்கி, 6 இன்ச்லருந்து 8 இன்ச் தள்ளிப் பிடிச்சு, கைய நிறுத்தாம அசைச்சுக்கிட்டே அடிங்க. ஒரு துணிய முகத்துக்கு முன்னாடி பிடிச்சுக்கச் சொல்லுங்க, கண்ணு மூக்கு பத்திரம். வீசிங் இருக்கற பசங்களுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். தாத்தா வேஷத்துக்கு பவுடர் கொட்றதுக்கு பதிலா வெள்ளை வேக்ஸ கிருதாலயும் முன் முடிலயும் பழைய டூத் பிரஷ்ஷால இழுத்து விட்டா மேடைல பாக்க நெஜ நரையாவே இருக்கும், தும்மலும் வராது.

சாக்குக்கு மட்டும் கத்தைய லேசா தண்ணி தொட்டு ஈரமாக்கி, ஒரே திசைல மேலருந்து கீழ தேயுங்க.

வெளிய போகும்போது

ஏப்ரல் மே சென்னைல சாயங்காலம் கூட வேர்க்கும், வேர்வையோட கலரும் கழுத்துல இறங்கும். முடிய தூக்கிக் கட்டினா கொஞ்சம் தப்பிக்கலாம். கர்ச்சீப்பால தேய்க்காம ஒத்தி எடுங்க. பெரிய எதிரி ஹெல்மெட். உள்ள இருக்கற பஞ்சு மொத்தக் கலரையும் வாங்கிக்கும், அடுத்த வாரம் வேர்க்கும்போது உங்க நெத்திக்கே திருப்பிக் குடுக்கும். ஹெல்மெட் போடாம போறதுன்னு ஒரு வழி கிடையாது, அதனால சேப்பாக்கம் போறவங்க பறக்கும் ரயில்லயோ மெட்ரோலயோ போயிடுங்க, பைக்ல போயே ஆகணும்னா தலைக்கு ஷவர் கேப் மாட்டி அதுக்கு மேல ஹெல்மெட். மல்லிப்பூ வெச்சா பூ கலராயிடும். மழை வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

கழுவி எடுக்கறது

எவ்ளோ டயர்டா வந்தாலும் கலரோட படுக்காதீங்க. தலையணை உறை போகட்டும், காஞ்சு விறைச்ச முடி ராத்திரி முழுக்க உரசி உடையும்.

சாக், ஸ்ப்ரேன்னா முதல்ல ஒரு பேப்பர் மேல குனிஞ்சு சீப்பால லேசா சீவுங்க, பாதி பொடியா கொட்டிடும். வேக்ஸ்ன்னா காஞ்ச முடில சீப்பு படவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணிய ஊத்தி ரெண்டு மூணு நிமிஷம் ஊற விடுங்க, வழவழன்னு இளகும், அப்புறம் ஷாம்பு. முதல் நுரை அடர்த்தியா கலரா வரும், பயப்படாதீங்க. நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் போடணும், பெரும்பாலும் ரெண்டு மூணு தடவைல வந்துடும். காது மடல் பின்னாடியும் பின்கழுத்து முடிலயும் எப்பவும் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும், அங்க விரல விட்டு தேயுங்க. நகத்தால தலைய பிராண்டாதீங்க. கடைசியா கண்டிஷனர், இப்ப தாராளமா போடலாம். பழைய துண்டால துவட்டுங்க, பாத்ரூம் டைல்ஸ் மேல ஈரம் காயறதுக்குள்ள ஒரு பக்கெட் தண்ணி அடிச்சு விடுங்க.

அப்படியும் எங்கயாவது நிறம் ஒட்டியிருந்தா அந்த இடத்துல தேங்காய் எண்ணெய தாராளமா வெச்சு அரை மணி நேரம் விட்டு மறுபடி ஷாம்பு. காலைல தள்ளி நிக்கச் சொன்ன எண்ணெய்க்கு இப்பதான் வேலை. தோல்ல இருக்கற கறைக்கும் பஞ்சுல எண்ணெய் தொட்டு துடைச்சா போதும். சோடா உப்பு, எலுமிச்சை, துணி துவைக்கற பவுடர்னு வர்ற ஐடியா எதையும் தலைல முயற்சி பண்ணாதீங்க, கலர் போகும், கூடவே முடியும் வைக்கோலாயிடும்.

மிச்ச வேக்ஸ் இருந்தா டப்பா ஓரத்துல ஒட்டியிருக்கறத துடைச்சுட்டு மூடிய இறுக்கி மூடுங்க, காத்து பட்டா ஒரு வாரத்துல கல்லாயிடும். ஸ்ப்ரே கேன வெயில் அடிக்கற ஜன்னல்லயும் கார் டேஷ்போர்டுலயும் வெக்கக் கூடாது, காலி கேன்னு நினைச்சு குப்பையோட சேத்து கொளுத்தவும் கூடாது, வெடிக்கும்.