எல்லோரும் சேர்ந்து கட்டும் மெய்நிகர் உலகில் உரிமை வழங்குவதும் நாசவேலையைச் சமாளிப்பதும்

திருகோணமலையில் ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்திலோ சனசமூக நிலையத்திலோ பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, மைன்கிராஃப்ட், லுவாண்டி போன்ற, கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டு உலகங்களில் தங்கள் ஊரையே கட்டவைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம். பிறர் கட்டியதை வேண்டுமென்றே உடைப்பது, தீ வைப்பது, எரிகுழம்பை ஊற்றுவது, பெட்டிகளைக் காலி செய்வது ஆகியவற்றை விளையாடுவோர் கிரீஃபிங் என்பார்கள். எவரும் எங்கும் கட்டலாம் என்று ஓர் உலகைத் திறந்துவைத்தால் இந்த நாசவேலை ஒருநாள் வந்தே தீரும். அதற்கு அஞ்சி, நம்பிக்கையான நான்கு பேரைத் தவிர மற்றவர்களை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் உலகம் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் புதிதாக வரும் பிள்ளைக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது, ஒரு மாதத்தில் கணக்கையே மறந்துவிடும்.

உடைந்ததை மீட்கும் வழியை முதலில் அமைத்துவிட்டு, எவ்வளவு திறந்துவிடலாம் என்பதை அதன்பிறகு தீர்மானிப்பதே சரியான ஒழுங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மீட்க முடியும் என்று தெரிந்தவரால்தான் தாராளமாக உரிமை கொடுக்க முடியும்.

மீட்கும் வழி

லுவாண்டியை எடுத்துக்கொள்வோம். 2024 ஒக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குப் பணம் செலுத்தத் தேவையில்லை; பழைய கணினிகளிலும் ஓடும்; இணையம் இல்லாமல் கூடத்தின் உள்வலையிலேயே நடத்தலாம். இதில் ரோல்பேக் என்னும் வசதி உண்டு. யார், எப்போது, எந்தக் கட்டையை வைத்தார், எடுத்தார் என்பதை அது பதிவு செய்யும். ஒருவருடைய செயல்களை மட்டும் பின்னோக்கித் திருப்பவும் உதவும். ஆனால் நிறுவியவுடன் இந்தப் பதிவு இயங்குவதில்லை. அமைப்புக் கோப்பில் நீங்களே அதை இயக்க வேண்டும்; இயக்குவதற்கு முன் நடந்த எதுவும் பதிவில் இருக்காது. ஆகவே முதல் பிள்ளை உள்ளே வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஓரிடத்தில் கடைசியாகக் கைவைத்தவர் யார் என்று தேடும் கட்டளை, நேரம் குறிப்பிடாவிட்டால், கடந்த 24 மணித்தியாலத்தையே பார்க்கும். திருப்பும் கட்டளையோ நேரம் குறிப்பிடாவிட்டால் கடைசி 60 செக்கன்களை மட்டுமே திருப்பும். ஒரு மணித்தியாலத்துக்கு முன் நடந்ததைச் சரிசெய்ய வேண்டுமானால் 3600 என்று செக்கன் கணக்கிலேயே கொடுக்க வேண்டும். தேவைக்கு அதிகமான நேரத்தைக் கொடுத்தால், அதே பிள்ளை அன்று காலையில் ஒழுங்காகக் கட்டிய சுவரும் சேர்ந்து மறைந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் இந்த வேலையைக் கோர்புரொட்டெக்ட் என்னும் செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) செய்கிறது. ஆள், நேரம், சுற்றளவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பிடலாம் என்பதும், திருப்புவதற்கு முன் விளைவை முன்னோட்டமாகப் பார்க்கலாம் என்பதும் இதன் சிறப்பு.

பதிவு மட்டும் போதாது. எல்லோரும் இணையும் உலகை நடத்தும் சேர்வரை நிறுத்தி, உலகம் இருக்கும் கோப்புறையை முழுவதுமாக வேறொரு வட்டில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதப்பட்ட கோப்புகள் சிக்கிக்கொள்ளக்கூடும். நேற்றைய நகலை மட்டும் வைத்திருப்பதும் தவறு. ஒரு மூலையில் நடந்த சேதம் இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் படலாம் என்பதால் வெவ்வேறு திகதிகளின் நகல்கள் தேவை. மின்சாரம் திடீரென நின்றுபோகும் ஊர்களில் இந்த நகல் நாசவேலைக்கு மட்டுமல்லாமல் மின்தடைக்கும் மருந்தாகும். ஒரு நகலிலிருந்து உலகை மீட்டெடுத்து ஒருமுறையேனும் ஒத்திகை பாருங்கள்.

இடத்துக்கேற்ற உரிமை

மீட்கும் வழி அமைந்தபின், உலகம் முழுவதற்கும் ஒரே விதியை வைக்காமல் இடத்துக்கு இடம் விதியை மாற்றுவதுதான் திறமையான நிருவாகம். பிள்ளைகள் கட்டும் திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரை மணலை, எவரும் வந்து எதையும் கட்டிப் பழகும் திறந்த வெளியாக விடலாம். அங்கே கட்டியது நிரந்தரமல்ல என்றும், குறிப்பிட்ட நாளில் அழிக்கப்படும் என்றும் முன்கூட்டியே எழுதி நட்டுவைக்க வேண்டும். உட்துறைமுகம், மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய கடைத்தெரு போன்றவற்றை அந்தந்தக் குழுவின் உறுப்பினர் மட்டும் தொடும்படி அமைக்கலாம். கட்டி முடிந்த ஃபிரெட்ரிக் கோட்டை, அதனுள்ளே சுவாமி மலையில் எழும் திருக்கோணேச்சரம், ஊரின் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள் ஆகியவற்றை முற்றாகப் பூட்டிவைப்பதே முறை. கட்டியவர்கள்கூட அனுமதி பெற்றுத்தான் அவற்றைத் திருத்த வேண்டும்.

2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. ஒரு கட்டைக்கு ஒரு மீற்றர் என்ற அளவில் அதைக் கட்டினால், நீளவாட்டில் மட்டும் 396 கட்டைகள் வரும். அகலமும் தூண்களும் கைப்பிடிச் சுவரும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போகும். இத்தனை உழைப்பை ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் கலைத்துவிடலாம். பகுதி பகுதியாக முடியும் வேலையை முடிந்தவுடன் பகுதி பகுதியாகப் பூட்டிக்கொண்டே வருவது நல்லது.

லுவாண்டியில் ஏரியாஸ் என்னும் மொட் (செருகுநிரல் போன்ற துணைநிரல்) இதற்கு உதவுகிறது. எதிரெதிர் மூலைகள் இரண்டைக் குறித்து ஒரு பகுதியை உருவாக்கி அதற்கு உரிமையாளரை நியமிக்கலாம். அதற்குள் சிறு பகுதிகளை வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். விரும்பினால் பகுதியை எல்லோருக்கும் திறந்தும் விடலாம். மைன்கிராஃப்ட்டில் நிருவாகி கோடு போட்டுத் தருவதற்கு வேர்ல்ட்கார்ட் என்னும் செருகுநிரல் பொருத்தமானது. விளையாடுபவரே தங்க மண்வெட்டியால் தம் காணியை எல்லையிட்டுக்கொள்ள கிரீஃப்பிரிவென்ஷன் என்னும் செருகுநிரல் இருக்கிறது. பின்னதில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், நம்பிக்கையைப் படிப்படியாகக் கொடுக்க முடிவதுதான்: ஒருவருக்குக் கதவையும் பொத்தானையும் மட்டும், இன்னொருவருக்குப் பெட்டிகளையும், மூன்றாமவருக்குக் கட்டவும் உடைக்கவும் என்று பிரித்து அனுமதிக்கலாம்.

மைன்கிராஃப்ட் சேர்வரில், விளையாடுவோர் முதலில் தோன்றும் இடத்தைக் காக்கும் தொடக்கவிடப் பாதுகாப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதன் வழக்கமான எண் 16. அதாவது நடுக்கட்டையிலிருந்து ஒவ்வொரு திசையிலும் 16 என, பக்கத்துக்கு 33 கட்டைகள் கொண்ட ஒரு சிறு சதுரத்தையே அது காக்கும். நிருவாகி ஒருவரேனும் நியமிக்கப்படாத சேர்வரில் அதுவும் இயங்காது. வெடிக்கும் கிரீப்பர்கள் என்னும் விளையாட்டு உயிரிகளின் சேதத்தைத் தடுக்க, அவை உலகை மாற்ற அனுமதிக்கும் மொப் கிரீஃபிங் விதியை அணைக்கலாம். ஆனால் அதை அணைத்தால் விளையாட்டில் வரும் கிராமவாசிகள் பயிர் அறுப்பதும் நின்றுவிடும்; வயல் அமைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தீ பரவுவதையும் தனியாக நிறுத்தலாம்.

2003 இல் தொடங்கிய செக்கண்ட் லைஃப் என்னும் இணைய மெய்நிகர் உலகில் இதே கேள்விகள் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகின்றன. அங்கே ஒரு காணியில் கட்டுவதற்கு, வெளியிலிருந்து பொருள் உள்ளே நுழைவதற்கு, நிரல் இயங்குவதற்கு எனத் தனித்தனி அனுமதிகள் உள்ளன. கட்டும் உரிமையை மட்டும் மூடினால், பக்கத்துக் காணியில் கட்டிய பொருளை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பதால்தான் இந்தப் பிரிவினை. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் பொருட்கள் 2006 இல் அங்கே சேர்வர்களையே திணறடித்தன. பிறர் விட்டுச்சென்ற பொருட்களைக் குறித்த நிமிடங்களுக்குப் பின் உரியவருக்கே திருப்பி அனுப்பும் வசதி, திறந்த காணி வைத்திருப்போருக்கு இன்றியமையாதது.

பெயரும் கடவுச்சொல்லும்

நாசவேலை செய்தவர் யார் என்பதைப் பதிவு காட்டும் என்று சொன்னேன். உண்மையில் அது பெயரை மட்டுமே காட்டும். லுவாண்டியில் கடவுச்சொல் இல்லாமலே கணக்குத் தொடங்க முடியும். அப்படித் தொடங்கிய பெயரில் வேறு எவரும் நுழையலாம். வெற்றுக் கடவுச்சொல்லைத் தடுக்கும் தெரிவை இயக்கிவிடுங்கள். மைன்கிராஃப்ட்டில், கணக்கு உண்மையானதா என்று பார்க்கும் ஒன்லைன் சரிபார்ப்பை அணைத்து, வாங்காத பிரதிகளையும் அனுமதிக்கும் சேர்வர்களில் நிலைமை இன்னும் ஆபத்தானது: நிருவாகியின் பெயரையே தட்டச்சு செய்து எவரும் உள்ளே வந்துவிடலாம், அனுமதிப் பட்டியலும் அங்கே பயனற்றுப் போகும். சரிபார்ப்பை இயக்கியே வைத்திருங்கள்.

சேதம் நடந்துவிட்டால்

முதலில் எதையும் திருத்தாமல் திரைப்பிடிப்பு எடுங்கள். அடுத்து பதிவைப் பாருங்கள். அதன் பின்பே மீட்டெடுங்கள். இந்த ஒழுங்கு நம் ஊருக்கு இரட்டிப்பு முக்கியமானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இடத்தில், ஒரு கோயிலின் கோபுரமோ பள்ளிவாசலின் மினாராவோ திரையில் உடைந்து கிடக்கும் படம் வட்ஸ்அப்பில் பரவினால், அதைச் செய்தவர் யார் என்பதைப் பதிவு சொல்வதற்கு முன் ஊகம் சொல்லிவிடும். படத்தை நிருவாகிகளுக்குள் மட்டும் வைத்திருங்கள். சேதத்தைக் கூடியவரை அன்றே சரிசெய்யுங்கள். உறுதியாகும்வரை எவர் பெயரையும் பொதுவில் சொல்லாதீர்கள். பல வேளைகளில் உடைத்தது எட்டு வயதுப் பிள்ளையாகவும், காரணம் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமையாகவும் இருக்கும். தவறுக்கும் வன்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவின் ஒழுங்கே ஓரளவு காட்டிவிடும்: தவறி உடைத்தவர் இரண்டு மூன்று கட்டைகளோடு நிறுத்தியிருப்பார், வேண்டுமென்றே உடைத்தவர் வரிசையாக, இடைவிடாமல், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போயிருப்பார்.

உடனே தடைவிதிக்கும் கட்டளையை நாடாதீர்கள். லுவாண்டியில் உள்ளமைந்த தடை, பெயரைவிட இணைப்பின் ஐபி முகவரியையே பிடிக்கிறது. ஒரே இணைப்பின் வழியாக வெளியிலுள்ள சேர்வருக்குச் செல்லும் கூடத்தில் ஒரு பிள்ளையைத் தடுத்தால் கூடம் முழுவதும் வெளியே நிற்கும். கைபேசி இணைப்புகளிலும் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வது உண்டு. இதற்குப் பதிலாக, குறித்த கணக்கின் இன்டராக்ட் உரிமையை (கட்டவும் உடைக்கவும் தேவையான உரிமையை) மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் உள்ளே நடக்கலாம், பார்க்கலாம், பேசலாம். ஒரு கட்டையையும் தொட முடியாது. கோபம் தணியும்வரை இதுவே போதும்.

எடுத்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாத தண்டனைதான் பிள்ளையை வேறு பெயரில் திரும்பி வரத் தூண்டுகிறது. திரும்ப வருபவரை முதலில் உப்புவெளி மணலில் கட்டவிட்டு, பிறகு தான் உடைத்த பகுதியை அதைக் கட்டிய குழுவோடு சேர்ந்து சீரமைக்கச் செய்யலாம். அதற்கு அந்தக் குழு சம்மதித்தால் மட்டுமே. அந்த வேலை முடிந்ததும் இன்டராக்ட் உரிமையை முழுமையாகத் திருப்பி, யார் கொடுத்தார், எந்தத் திகதியில் கொடுத்தார் என்பதை நிருவாகக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் மாணவருக்கு அது தேவைப்படும்.