மூன்று லென்ஸ் போதும்: 10 மி.மீ. முதல் 250 வரை

தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு என் பழைய கேனான் கேமராவை வாங்கிக்கொண்டு போனாள். கூடவே, கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும் போனது. மி.மீ. எண் குறையக் குறையப் படத்தில் அதிக அகலம் அடங்கும், கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். ஒரு மாதம் கழித்து ஒரு லென்ஸ் பட்டியலோடு வந்தாள். "மாமா, இந்த ஆறும் இருந்தா நடுவுல ஒரு மி.மீ.கூட விடுபடாது." நான் அதை மூன்றாகக் குறைத்துக் கொடுத்தேன். எப்படிக் குறைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேனான் ஏபிஎஸ்-சி கேமராவை, அதாவது படம் பதியும் சென்சார் சிறிதாக இருக்கும் வகையை, வைத்துச் சொல்கிறேன். மற்ற நிறுவனக் கேமராக்களில் எண்கள் கொஞ்சம் மாறும், வழி மாறாது.

முதல் வேலை கடைக்குப் போவதல்ல, எடுத்த படங்களை எண்ணுவது. கிட் லென்ஸில் ஆறு மாதம் படம் எடுங்கள். பிறகு உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த நூறு படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு படத்தின் மீதும் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போனால் எந்த மி.மீ.யில் எடுத்தது என்று இருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். என் படங்களில் பாதிக்கு மேல் 18இல் முட்டிக்கொண்டு நின்றன. இன்னொரு கூட்டம் 55இல். நடுவில் 24, 28 பக்கம் கொஞ்சம். 35 முதல் 50 வரை அநேகமாக ஒன்றுமே இல்லை. இந்தத் தாளைப் பார்த்த பிறகு எதை வாங்குவது என்ற குழப்பம் எனக்கு இருக்கவில்லை. 18இல் முட்டியவனுக்கு அதைவிட அகலமானது வேண்டும், 55இல் முட்டியவனுக்கு அதைவிட நீளமானது வேண்டும்.

அப்படித்தான் என் பைக்குள் 10-18 எஸ்டிஎம், 24 எஃப் 2.8, 55-250 எஸ்டிஎம் மூன்றும் வந்தன. எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் உள்ளே விடும். எடை முறையே 240, 125, 375 கிராம். மொத்தம் முக்கால் கிலோகூட இல்லை. வெயிலில் நாள் முழுக்கத் தோளில் கிடக்கும் பைக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

24க்கும் 55க்கும் நடுவில் ஓட்டை விழுகிறதே என்று அவளும் கேட்டாள். அந்த ஓட்டையை இரண்டு எட்டு முன்னால் வைத்தாலே பெரும்பாலும் அடைத்துவிடலாம். முன்னால் போக முடியாத இடத்தில் படத்தை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்ஸல் படத்தை 35 மி.மீ. லென்ஸில் எடுத்த அளவுக்கு வெட்டினால் 11 மெகாபிக்ஸல் மிஞ்சும், ஏ3 அச்சுக்கு அது தாராளம். ஆனால் அகலப் பக்கத்தில் ஓட்டை விடாதீர்கள். 10இலிருந்து 18க்குப் போனால் இடவலப் பார்வைக் கோணம் 96 டிகிரியிலிருந்து 64 டிகிரிக்குச் சுருங்கிவிடும். அதே 8 மி.மீ. வித்தியாசம் 240க்கும் 248க்கும் இடையில் கண்ணுக்கே தெரியாது.

அகல லென்ஸ் எதற்கு என்று தஞ்சைப் பெரிய கோயிலில்தான் எனக்குப் புரிந்தது. விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்வது போல விழும். நேராக நிற்க வேண்டுமென்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டமாகப் பிடித்து, கீழே வரும் தரையைப் பிறகு வெட்ட வேண்டும். இப்படி எடுக்க 18 மி.மீ.யில் சுமார் 105 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 10 மி.மீ.யில் 60 மீட்டர் போதும். பிரகாரத்தின் அகலமே ஏறக்குறைய 120 மீட்டர்தான், விமானம் அதன் நடுவில் நிற்கிறது. பக்கவாட்டில் நமக்குக் கிடைப்பது அந்த 60 மீட்டர்தான்! கிட் லென்ஸை வைத்துக்கொண்டு அங்கே நான் எத்தனை முறை சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருக்கிறேன். காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல்தரை சுட ஆரம்பித்தால் வெறுங்காலோடு இடம் பார்த்து நகர முடியாது. முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், ஆகவே கையில் பிடித்தே எடுக்கப் பழகுங்கள்.

நீளப் பக்கத்தில் 250 எதுவரை வரும்? வேடந்தாங்கல் கரையில் நின்று 50 மீட்டர் தள்ளி மரத்தில் இருக்கும் மஞ்சள் மூக்கு நாரையை எடுத்தால், ஒரு மீட்டர் உயரமுள்ள அந்தப் பறவை படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். கூடும் குஞ்சும் கிளையுமாகப் படம் நிறைந்திருக்கும். எனக்கு அது போதும். மீன்கொத்தியின் கண்ணில் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும் என்பவர்களுக்குப் போதாது. அவர்கள் 150-600 பக்கம் போக வேண்டும், அது ஒன்றே 2 கிலோவுக்கு அருகில் வரும். என் 55-250 பறவையைவிட அதிகம் பார்த்தது கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களைத்தான்.

நடு லென்ஸில் மட்டும் உங்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு. எல்லோரும் 50 எஃப் 1.8 வாங்கச் சொல்வார்கள். நல்ல லென்ஸ்தான். கிட் லென்ஸ் 50இல் தருவதைப் போலச் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் தரும், விளக்கொளியில் முகம் எடுக்க அதற்கு ஈடில்லை. ஆனால் நம் சிறிய சென்சார் கேமராவில் அது, பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். நிற்கும் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க நான்கு மீட்டராவது பின்னால் போக வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் அதற்கு எங்கே இடம்? 24இல் இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். முகங்கள் முக்கியம் என்றால் 50, தெருவும் வீடும் மனிதர்களும் முக்கியம் என்றால் 24. தங்கை மகள் 50 எடுத்துக்கொண்டாள், அவளுக்கு அதுதான் சரி.

இந்த லென்ஸ்களைப் பழையதாக வாங்கினால் நிறைய மிச்சம். ஆனால் பூஞ்சை பார்த்து வாங்குங்கள். என் முதல் 55-250ஐக் கடை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி வலை போல இழைகள். பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் வடு நிற்கும். ஆகவே இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். தூசி இரண்டு புள்ளி இருந்தால் பரவாயில்லை, இழை இருந்தால் வேண்டாம். அப்புறம் கேமராவில் மாட்டி, அருகில் ஒன்றும் தூரத்தில் ஒன்றும் ஃபோகஸ் செய்து, படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்திருக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் வைத்து மூடவே கூடாது. தூசி பறக்கும் தேரோட்டத்துக்குப் போகும்போது எந்த லென்ஸ் என்று வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாய் கீழே பார்க்கப் பிடித்து, ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணைக்குள் ஒதுங்கி மாற்றுங்கள்.