ஒருவர் பதிந்த லாட் இன்னொருவர் திரையில்: ஜாவா வெப் அப்ளிகேஷனில் ஸ்கோப் கோளாறைப் பிடிப்பது எப்படி

போடியில் ஒருவர் ஏலக்காய் லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதி) பதிகிறார். அதே நேரம் புத்தடியில் வேறொருவர் பக்கத்தைத் திறந்தால், போடிக்காரருடைய மூட்டைக் கணக்கு இவர் திரையில் நிற்கிறது. தனி ஆளாகச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். இந்த மாதிரி வந்தால் உடனே டேட்டாபேஸைக் குடைய வேண்டாம். ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பேர் தொடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். ஓர் ஆப்ஜெக்ட் யாருக்காக, எவ்வளவு நேரம் வாழ்கிறது என்பதுதான் ஸ்கோப்.

சந்தேகப்படும் கிளாஸின் மெத்தடுக்குள் மூன்றை லாகில் எழுதுங்கள்: சிஸ்டம்.ஐடென்டிட்டிஹேஷ்கோடு(திஸ்) தரும் ஆப்ஜெக்ட் எண், த்ரெட் (வேலையை ஓட்டும் இழை) பெயர், செஷன் (ஒரு பயனருக்கான தொடர்பு) ஐடி. எழுதுவது அந்தக் கிளாஸுக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியிலிருந்து எடுத்தால் ஸ்பிரிங் (ஜாவா ஃபிரேம்வொர்க்) கொடுத்த பிராக்ஸியின் (அசலுக்கு முன்னால் நிற்கும் மாற்று ஆப்ஜெக்ட்) எண்தான் வரும், அது மாறவே மாறாது. பிறகு குரோமிலும் பயர்பாக்ஸிலும் தனித்தனியாக லாகின் செய்யுங்கள். ஒரே பிரவுசரில் இரண்டு டேப் போதாது, குக்கி ஒன்றுதான்.

செஷன் ஐடி வேறு, ஆப்ஜெக்ட் எண் ஒன்று என்றால் அது பொதுச்சொத்து. சர்வ்லெட்டும் (ரெக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்), ஸ்கோப் சொல்லாத ஸ்பிரிங் பீனும் (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) அப்படித்தான்: ஒரே ஆப்ஜெக்ட், பல த்ரெட். அதன் ஃபீல்டில் பயனரின் தகவலை வைக்கக் கூடாது. லோக்கல் வேரியபிளுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டு மூடப் பார்ப்பார்கள். வேகம் குறையும், தகவல் கலப்பது நிற்காது.

'ஸ்கோப் ரெக்வெஸ்ட் இஸ் நாட் ஆக்டிவ்' என்ற பிழை சர்வர் எழும்போதே வந்தால், ரெக்வெஸ்ட் பீனை (ஒவ்வொரு ரெக்வெஸ்டுக்கும் புதிதாகப் பிறப்பது) சிங்கிள்டனுக்குள் (எல்லோருக்கும் ஒரே ஆப்ஜெக்டாக இருக்கும் பீன்) நேராகச் செருகியிருக்கிறீர்கள். @ஸ்கோப்("ரெக்வெஸ்ட்") என்று மட்டும் எழுதினால் பிராக்ஸி கிடைக்காது. @ரெக்வெஸ்ட்ஸ்கோப் போட்டால் தானாகவே கிடைக்கும். இதே பிழை பின்னணியில் ஓடும் @அசிங்க் மெத்தடில் வந்தால் காரணம் வேறு: அது வேறு த்ரெட், அங்கே ரெக்வெஸ்ட் கிடையாது. தேவையான மதிப்புகளை முன்பே எடுத்து ஆர்க்யுமென்டாக அனுப்புங்கள்.

ப்ரோட்டோடைப் பீன் (கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கிடைக்க வேண்டியது) புதிதாகப் பிறக்கவில்லையா? சிங்கிள்டனில் செருகியது ஒரே ஒரு முறைதான். ஆப்ஜெக்ட்புரொவைடர் வழியாகத் தேவைப்படும்போதெல்லாம் கேளுங்கள். அந்த பீனின் @ப்ரீடெஸ்ட்ராயை (முடியும்போது ஓட வேண்டிய துப்புரவு மெத்தட்) ஸ்பிரிங் கூப்பிடாது. திறந்த ஃபைலை நீங்கள்தான் மூட வேண்டும்.

செஷனில் இரண்டு தொல்லை. டாம்கேட்டில் (ஜாவா வெப் சர்வர்) செஷனின் இயல்பான கெடு 30 நிமிடம். மேலே எஸ்டேட்டில் சிக்னல் போய் ஆள் அரை மணி கழித்துச் சேமித்தால் படிவம் காலி. இன்னொன்று, ஒரே ஆள் இரண்டு டேப்பில் இரண்டு லாட்டைத் திறந்தால், பின்னால் திறந்தது முன்னதை அழித்துவிடும். 'இப்போதைய லாட்' என்பதைச் செஷனில் வைக்காமல், லாட் எண்ணை யுஆர்எல்லிலேயே அனுப்புங்கள்.

எப்போதோ ஒருமுறை மட்டும், ஒழுங்கே இல்லாமல் தகவல் கலந்தால் த்ரெட்லோக்கலை (ஒரு த்ரெட்டோடு ஒட்டி வைக்கும் மதிப்பு) தேடுங்கள். டாம்கேட் த்ரெட்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது, இயல்பாக 200 வரை. முந்தைய ஆள் விட்டுப்போனது அடுத்தவர் கையில் வரும். ஃபைனலி பிளாக்கில் ரிமூவ்() கட்டாயம்.